நாய்க்கடிக்கு வந்த ஜெகதீசன்

திரையில் ஜெகதீசனுக்கு இன்று நாய்க்கடி. நேற்று மூலம், அதற்கு முந்தின நாள் காதில் சீழ், போன வாரம் முழுக்கச் சிறுநீரகக் கல். கோகிலவாணி கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். எந்த விரலும் படாமல் பிரவுசர் தானாகத் திறந்தது, மருத்துவமனையின் பக்கம் வந்தது, பெட்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. அவள் எழுதிக்கொடுத்த கட்டளைகளைத்தான் அது செய்கிறது. ஒரு இணையதளத்தில் ஆட்கள் என்னவெல்லாம் செய்வார்களோ அதையெல்லாம் இயந்திரத்தை விட்டுச் செய்யவைத்து, எங்கே இடறுகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அப்பாயின்ட்மென்ட் போட ஒரு நோயாளியின் பெயர் வேண்டும். மற்றவர்கள் ‘டெஸ்ட்’ என்றோ ‘ஏபிசி’ என்றோ போட்டுவிட்டுப் போவார்கள். அவள் போன வருஷம் ஒரு நாள் ஜெகதீசன் என்று போட்டாள். வயது நாற்பத்தொன்று. ஊர் பொள்ளாச்சி. அன்றைக்குச் சும்மா ஒரு ஆத்திரத்தில் போட்டது, பிறகு எடுக்க மனம் வரவில்லை, எடுக்காததோடு நிற்காமல் மாற்றி மாற்றிப் போட வியாதிகளின் வரிசை ஒன்றும் எழுதிவைத்துவிட்டாள். உண்மையான ஜெகதீசன் இதே மாடியில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், தன் டீமுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். சத்தம் கேட்கவில்லை, தோள் குலுங்குவது மட்டும் தெரிகிறது. சிரிக்கட்டும். சாயங்காலம் ரிலீஸ், புதுப் பக்கம் வெளியே போகிறது. நாளைக் காலையில் மருத்துவமனைக்காரர்கள் வந்து உட்காருவார்கள், புதிதாகச் செய்ததையெல்லாம் அவனே முன்னால் நின்று காட்டப்போகிறான். புதுச் சட்டை வாங்கியிருப்பான்.

மருத்துவப் பிரிவையும் தேதியையும் தேர்ந்தெடுத்ததும் பக்கம் மங்கி நடுவில் அந்தப் படிவம் எழும்பியது. முதல்முறை வருகிறீர்களா, உங்கள் விவரங்களைத் தாருங்கள். வீட்டு விலாசம், இரத்த வகை, பழைய வியாதிகள். மூலையில் மூடுவதற்குச் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. இது அவன் யோசனை, அவன் டீமின் வேலை. பாப்-அப், இப்படிக் குறுக்கே எழும்புகிற பெட்டி, என்றாலே டெஸ்ட் எழுதுகிறவர்களுக்குத் தலைவலி. பிரவுசரே எழுப்புகிற சின்ன எச்சரிக்கைப் பெட்டி ஒன்று உண்டு, பதில் சொல்லாமல் அங்கே இங்கே நகரவிடாது. தனி ஜன்னலாகத் திறப்பது இன்னொன்று, அது திறந்ததே இயந்திரத்துக்குத் தெரியாது, அந்த ஜன்னலுக்குப் போ என்று சொல்லவேண்டும், வேலை முடிந்ததும் திரும்பி வா என்றும் சொல்லவேண்டும், மறந்தால் மூடிப்போன ஜன்னலிலேயே நின்று தேடிக்கொண்டிருக்கும். பக்கத்துக்குள்ளேயே எழும்புகிற இந்த மாதிரிப் படிவம் வேறொரு தொல்லை. அது முழுதாக வந்து நிற்பதற்கு முன் அவசரப்பட்டால் இல்லாத பெட்டியில் எழுதப்போய்க் குப்புற விழும். காத்திருக்கக் கற்றுக்கொடுக்கவேண்டும். காத்திருப்பதற்கென்ன, அவளுக்குப் பழக்கம்தானே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு சின்னக் கட்டளை எழுதிவைத்திருந்தாள்: எந்தப் பாப்-அப் வந்தாலும் பெருக்கல் குறியைத் தேடி அழுத்து, மேலே போ. எல்லா டெஸ்ட்டிலும் இன்றுவரை அதுதான் ஓடுகிறது. அது ஓடும்வரை திரையில் எல்லாம் பச்சை, தேறியது என்று அர்த்தம். காலையில் எதற்கோ பிரவுசரைக் கண்ணெதிரே திறந்துவைத்து ஓடவிட்டபோதுதான் கண்ணில் பட்டது. பெருக்கல் குறி அழுந்தியது, படிவம் மறைந்தது, பின்னால் வியாழக்கிழமை என்று தேர்ந்தெடுத்திருந்த தேதி சத்தமில்லாமல் அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையாக மாறியது. அதன்பிறகு ‘உங்கள் பதிவு உறுதியானது’ என்று அழகாக ஒரு வரி. டெஸ்ட் அந்த வரியை மட்டும்தான் பார்க்கும். வரி வந்துவிட்டது, பச்சை. அவள் தேதியையும் ஒப்பிட்டுப் பார் என்று கூடுதலாக ஒரு கட்டளை எழுதினாள். சிவப்பு. மறுபடி ஓட்டினாள். சிவப்பு. எவ்வளவு நல்ல சிவப்பு.

யாராக இருந்தாலும் முதலில் அந்தப் பெருக்கல் குறியைத்தான் அழுத்துவார்கள். அப்பா அப்படித்தான். போனில் எது குறுக்கே வந்தாலும் படிக்கமாட்டார், கட்டைவிரல் நேராக மூலைக்குப் போய்விடும், ஈயை அடிக்கிற மாதிரி. இதய ஆபரேஷன் ஆன பிறகு செக்கப்புக்குத் தானே அப்பாயின்ட்மென்ட் போட்டுக்கொள்கிறார், மகளைத் தொந்தரவு செய்யக்கூடாதாம். இந்தப் படிவம் இன்று சாயங்காலம் வெளியே போனால், சத்தியமங்கலத்திலிருந்தோ எங்கிருந்தோ யாரோ ஒருவர் வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, வெறும் வயிற்றோடு, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார். உங்க டேட் செவ்வாக்கிழமையே போயிருச்சுங்களே என்று கவுன்டரில் சொல்வார்கள். அவர் போனை எடுத்துக் காட்டுவார், அதிலும் செவ்வாய் என்றுதான் இருக்கும், தன் கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். இதைக் கோகிலவாணி நினைத்தாள், நினைக்காமல் இல்லை, ஆனால் அந்த ஆள் கவுன்டரிலிருந்து திரும்பி நடப்பதற்குள் நினைப்பு வழுக்கிக்கொண்டு நாளைய மீட்டிங்குக்குப் போய்விட்டது. அங்கே ஜெகதீசன் புதுச் சட்டையில் நிற்கிறான். படிவம் வேண்டாம் என்பவர்கள் இப்படி மூடிவிடலாம் என்று சொல்லி அவனே பெருக்கல் குறியை அழுத்துகிறான். மருத்துவமனைக்காரர்களில் ஒருவர், கண்ணாடி போட்ட ஒரு அம்மாளாக இருக்கட்டும், வியாழக்கிழமைதானே போட்டீங்க, செவ்வாய்னு வருதே என்கிறார். ஜெகதீசன் சிரிக்கிறான். மறுபடி செய்கிறான். மறுபடி செவ்வாய். காது மடல் சிவக்கிறது. அவனுக்குக் காது மடல்தான் முதலில் சிவக்கும், பக்கத்து இருக்கையில் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறாள். இது நடக்க அவள் ஒன்றுமே செய்யவேண்டாம். காலையில் எழுதிய அந்த ஒரு கட்டளையை அழித்துவிட்டால் போதும். ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாகப் போகும். ஆனால் அங்கேதான் சிக்குகிறது. அந்த அம்மாள் கேட்டு முடித்ததும் அவன் என்ன சொல்வான் என்பது அவளுக்குத் தெரியும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிருக்கே மேடம், யார் பாத்தாங்கன்னு கேளுங்க என்பான். கூடவே அந்த வார்த்தையையும் சொல்வான்.

பாவம். அந்த வார்த்தை. போன வருஷம் அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி ஐசியூவில் இருந்தபோது அவள் வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தாள். அப்போது ஜெகதீசன் சிநேகிதன். பக்கத்து இருக்கை, ஒரே டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துத் தின்பது, அவன் மனைவியின் வளைகாப்புக்கு அவள் போய் வந்தது, எல்லாம் உண்டு. லீவு போடும்போது அவன் கேட்காமலே தன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு வந்தாள், தேவைப்பட்டா என் மெஷின்லயே ஓட்டிக்குங்க ஜெகதீசன் என்று. அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம் கேட்டான். பிறகு, அந்த லாகின் பாப்-அப் டெஸ்ட் ஃபெயில் ஆயிட்டே இருக்குது, ஸ்கிப் பண்ணீறட்டுமா, அத விட்டுட்டு மேல போயிறட்டுமா என்றான். வேண்டாங்க, அது சும்மா ஃபெயில் ஆகாது, ஜன்னல் திறக்கலைன்னு அர்த்தம், யாரையாவது பாக்கச் சொல்லுங்க என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் ஒரு ஆயா தரை துடைத்துக்கொண்டிருந்தாள், பினாயில் வாசனை, அது உள்பட ஞாபகம் இருக்கிறது. சரி சரி நீங்க அப்பாவப் பாருங்க என்று வைத்துவிட்டான். அவள் மெஷினில், அவள் பெயரில் நுழைந்து, அந்த டெஸ்ட்டை ஸ்கிப் செய்தான். ரிலீஸ் போனது. பாதிப் பேரால் லாகின் செய்ய முடியவில்லை, மருத்துவமனை போனில் கத்தியது. அப்பா கண் திறந்த அன்று மீட்டிங். அவள் வராந்தாவிலிருந்து போனில் சேர்ந்தாள். ஜெகதீசனின் குரல் மிக மெதுவாக, மிகப் பரிவாக வந்தது. கோகிலாதான் ஸ்கிப் பண்ணியிருக்காங்க மேடம், அவங்க பேர்லதான் இருக்குது. குத்தமாச் சொல்லலைங்க. வீட்ல அப்பாவுக்கு இப்படி, கவனம் சிதறியிருக்கும். பாவம்.

பாவம். அவன் பொய் சொன்னதைக்கூட ஒரு பக்கம் ஒதுக்கிவைக்கலாம், வேலைக்குப் பயந்தவர்கள் சொல்வார்கள். பயந்தவன் பொய்யோடு நிறுத்தியிருக்கலாம், கூடவே இந்த வார்த்தையையும் சேர்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அதைச் சொன்னதும் மீட்டிங்கில் எல்லாரும் இளகிவிட்டார்கள். லலிதா மேடம், அவர்களுக்கெல்லாம் மேலே இருக்கிற மேனேஜர், பரவால்ல கோகிலா, நீங்க ரெஸ்ட் எடுங்க என்றார். அவள், இல்ல மேடம், நான் பண்ணல, அவருகிட்ட வேண்டாம்னு சொன்னேன் என்று சொன்னாள். அழுகிற குரலில் வந்தது. அழுகிற குரலில் எதைச் சொன்னாலும் அது அழுகையாகத்தான் கேட்கிறது. விடுங்க விடுங்க என்றார்கள். அடுத்த மாதம் அவளுக்கு வரவேண்டியிருந்த டீம் தலைமைப் பொறுப்பு அவனுக்குப் போனது. அவள் இந்த மூலைக்கு வந்தாள். இன்னும் காரிடாரில் பார்த்தால் அப்பா எப்படி இருக்கார் என்று கேட்கிறான், கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதில்லை. அவள் பஸ்ஸில் போகும்போது, அரிசி களையும்போது, யாராவது எதற்காவது பாவம் என்று சொல்லும்போது, டிவியில் சொன்னால்கூட, உடம்பில் ஒரு இடம் சுருங்கும். கணவன் ஒருமுறை எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்துப் பாவம் என்றான். அவள் வாளியை எட்டி உதைத்தாள். அவனுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

அதனால் அழிக்கக்கூடாது. அழித்தால் மறுபடி அவள்தான் பாவம். அவன் வாயாலேயே, இல்லை வாய் போதாது, எழுத்தால் ஸ்கிப் பண்ணு என்று சொல்லவேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஒரு மெசேஜ் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். ‘பாப்-அப் டெஸ்ட் ஒன்று ஃபெயில் ஆகிறது. பார்க்க வேண்டுமா, ஸ்கிப் செய்யட்டுமா?’ அவ்வளவுதான். தேதி மாறுகிறது என்று எழுதவில்லை. எழுதினால் விழுந்தடித்துக்கொண்டு சரிசெய்துவிடுவான், முட்டாள் இல்லை அவன். எழுதாமல் விட்டதுதான் தூண்டில். அனுப்பிய பிறகு, இது நேர்மையா என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வழியே போகச் சொன்னாள். கேட்டதற்கு அவன் பதில் சொல்லட்டும், ஃபெயில் என்றால் என்னவென்று கேட்கத் தெரியாதா, யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்று அன்றைக்கே சொன்னேனே. மெசேஜுக்குக் கீழே அவன் பார்த்துவிட்டான் என்ற அடையாளம் வந்தது. அவன் ஏதோ எழுதுகிறான் என்று புள்ளிகள் ஓடின. நின்றன. அவள் உள்ளங்கையைச் சுடிதார் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். எழுது. ஸ்கிப் என்று ஒரே வார்த்தை எழுது. நிமிர்ந்தபோது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவன் நாற்காலி காலியாக இருந்தது, அவன் காப்பிக் கப்போடு இவள் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தான்.

“என்ன கோகிலா, ஏதோ ஃபெயில்னு போட்டிருந்தீங்க?” என்றான். புது ஃபார்ம் டெஸ்ட் என்றாள். “பாப்-அப்புன்னாலே அப்படித்தான். ஒருக்கா வரும், ஒருக்கா வராது. ஸ்கிப் பண்ணீருங்க. நாளைக்கு டெமோ முடியட்டும், பொறுமையாப் பாத்துக்கலாம்.” அதே மெதுவான குரல். “சரிங்க. அதையே மெசேஜ்ல ஒரு வரி போட்டுருங்க.” அவன் சிரித்தான், இதுக்கெல்லாமா என்றான். அவள் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரையில் பிரவுசர் மறுபடி தானாகத் திறந்தது. பெட்டிகள் நிரம்பின. ஜெகதீசன். நாற்பத்தொன்று. பொள்ளாச்சி. நாய்க்கடி. அவன் குனிந்து படித்தான். மூட எழுந்த அவள் கை பாதியில் நின்றுவிட்டது, மூடவேண்டாம், படிக்கட்டும் என்று தோன்றியது. அவன் காப்பிக் கப்பை அவள் மேஜையில் வைத்தான். “இது நானா?” என்றான். “டெஸ்ட் பேஷன்ட்” என்றாள். “எத்தன நாளா நான் பேஷன்ட்?” போன வருஷத்திலிருந்து என்றாள். பிரவுசர் மூடிக்கொண்டு கீழே சிவப்பு வரி வந்தது. அவன் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். வெகுநாள் கழித்து அவன் அவ்வளவு பக்கத்தில் உட்கார்கிறான், அதே சோப்பு வாசனை, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. “அது இன்னும் போகலையா உங்களுக்கு” என்றான். ஆக அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. மறந்துவிட்டான் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள், மறந்தவனை வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது. “எனக்கு அன்னைக்கு வேற வழி தெரியலைங்க. என் பேருல வந்திருந்தா தூக்கியிருப்பாங்க. உங்களுக்குன்னா, அப்பா ஆஸ்பத்திரில இருந்தாரு, யாரும் பெருசா எடுத்துக்கமாட்டாங்கன்னு…” என்று இழுத்தான். அப்பாவை, குழாய்களோடு மல்லாந்து கிடந்த அப்பாவை, மெத்தையாக விரித்து அதன்மேல் அவளைத் தள்ளியிருக்கிறான். அடிபடாது என்று பார்த்துத்தான் தள்ளியிருக்கிறான். அவள் சிவப்பு வரியைத் திறந்து காட்டினாள். கேட்டது வியாழன், வந்தது செவ்வாய். அவனுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. காது மடல் சிவந்தது.

“எப்பப் பாத்தீங்க?” என்றான். காலையில் என்றாள். “மெசேஜ்ல சொல்லவேயில்லையே” என்றான், அவள் சிவப்பு வரியை மூடினாள். அவன் குரல் இன்னும் இறங்கியது. “ரிப்போர்ட்ட இப்ப அனுப்பாதீங்க. கொஞ்ச நேரம் குடுங்க, நானே உக்காந்து சரி பண்ணீர்றேன். யாருக்கும் தெரியவேண்டாம். நாளைக்கு டெமோ கோகிலா, தெரியுமில்ல.” தெரியும். அனுப்பாமல் இருந்தாலும் பிழை சரியாகிவிடும், சத்தியமங்கலத்துக்காரர் வியாழக்கிழமை வந்து டாக்டரைப் பார்த்துவிட்டுப் போவார், யாருக்கும் நஷ்டமில்லை. நியாயம் என்று பார்த்தால் அதுவே போதும். ஆனால் அவள் கேட்டது நியாயம் இல்லை. “எனக்கும் இன்னைக்கு வேற வழி தெரியலைங்க” என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை அனுப்பினாள். லலிதா மேடத்துக்கு, இரண்டு டீமுக்கும், மருத்துவமனையில் இதைப் பார்க்கிறவர்களுக்கும். அவன் எழுந்து போய்விடுவான் என்று எதிர்பார்த்தாள், போகவில்லை. போன் அடித்தது, லலிதா மேடம். ரிப்போர்ட் பாத்தேன், நல்லவேளை இப்பவே தெரிஞ்சுது, ரிலீஸ நிறுத்தச் சொல்லிட்டேன், யார் கண்டுபிடிச்சது என்றார். “நான்” என்றாள். ஜெகதீசனுக்குத் தெரியுமா என்றார். அவள் ஜெகதீசனைப் பார்த்தாள். “தெரியும் மேடம். ஸ்கிப் பண்ணச் சொன்னாரு.” ஒரு சொல்கூடப் பொய் இல்லை, இருந்தும் அது எந்த மாதிரி வாக்கியம் என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. அவரு சொல்லலைன்னுட்டா என்றார் மேடம். “இங்கதான் இருக்கார், கேளுங்க” என்று போனை நீட்டினாள்.

அவன் போனை வாங்கினான். இனி அவன் வாயைத் திறந்தால் போதும். என்ன ஃபெயில்னே இவங்க சொல்லல மேடம், தெரிஞ்சே மறைச்சிருக்காங்க, மெசேஜ் இருக்குது பாருங்க. அதுவும் உண்மைதான். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள், சொல்லட்டும், சொன்னால் நானும் சொல்வேன், இந்தமுறை அழாமல் சொல்வேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமா மேடம். ஸ்கிப் பண்ணச் சொன்னேன். என்னன்னு கேக்காமச் சொல்லிட்டேன்” என்றான். அவ்வளவு சொல்லிவிட்டுப் போனைத் திருப்பி நீட்டினான். அவள் வாங்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது, போனுக்குள்ளிருந்து மேடத்தின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள், இது போதாது. அவனுக்கு அது புரிந்தது. போனை மறுபடி காதில் வைத்தான். “மேடம், இன்னொண்ணு. போன வருஷம் அந்த லாகின் பிரச்சினை. அந்த டெஸ்ட்ட ஸ்கிப் பண்ணது கோகிலா இல்ல. அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான், அவங்க லாகின்ல.” பிறகு நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தான், சரிங்க மேடம், சரிங்க என்றான், உள்ளங்கையால் கழுத்தின் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டான். எத்தனையோ விதமாக அவள் கற்பனை செய்து பார்த்திருந்த காட்சி இது, எதிலும் அவன் இவ்வளவு சாதாரணமாக, காய்கறி விலை சொல்வதுபோலச் சொல்லவில்லை, எதிலும் அவள் மறைத்த ஒன்றை மறைத்தபடியே விட்டுவிட்டுச் சொல்லவில்லை. சந்தோஷம் வந்தது. வந்ததை அவள் மறுக்கவில்லை, குளிர்ந்த தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்குவதுபோல இறங்கியது, அதன் அடியில் ஏதோ ஒன்று நெருடியது, நெருடட்டும் என்று விட்டாள். போன் அவள் கைக்கு வந்தபோது சூடாக இருந்தது. “கோகிலா, நான் நாளைக்கு உங்ககிட்டத் தனியாப் பேசணும்” என்றார் லலிதா மேடம், அவர் குரலே மாறியிருந்தது. “மொத்தமா எனக்குத் தெரிஞ்சாகணும், அதான் கேக்கறேன். இன்னைக்கு நடந்ததுல நீங்க சொல்லவேண்டியது வேற ஏதாவது இருக்கா?” ஜெகதீசன் காப்பிக் கப்பை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றான், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு. கோகிலவாணி அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

“இல்ல மேடம். வேற ஒண்ணும் இல்ல.”